கரண்ட் நின்ற இரவும் வீட்டோடு வந்த தலையிடியும்

வாசகர் கடிதத்தின் சுருக்கம்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபுறோவில் 12 வருடம் இருந்துவிட்டு, கணவரின் வேலை மாற்றத்தால் வடக்கு ஒன்ராறியோவிலுள்ள சட்பரிக்குக் குடிபோன ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வாடகை வீடு, வீட்டைச் சூடாக்க எரிவாயுவில் ஓடும் ஃபேர்னஸ், வீட்டோடு ஒட்டிய கராஜ். கணவன், மனைவி, 8 வயது மகன், இப்போது ஒரு வயது நிரம்பிய மகள், மாமா, மாமி என்று ஆறு பேர். மாமாவுக்கு 73 வயது. மூன்று வருடங்களுக்கு முன் மாரடைப்பு வந்து, இதய இரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்தவர். பிசோபிரோலோல், அஸ்பிரின் குளிசைகளும் இரவில் இன்சுலினும் எடுக்கிறார்.

கடந்த ஜனவரிப் புயலில் 14 மணித்தியாலம் கரண்ட் இல்லை. "காஸ் ஹீற்றர்தானே, கரண்ட் போனால் என்ன" என்று இருந்தவர்களுக்கு ஃபேர்னஸ் ஓடாதது முதல் அதிர்ச்சி. குசினியில் நான்கு அடுப்பையும் நெருப்புக்குச்சியால் பற்றவைத்து, கதவு யன்னலைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கிறார்கள். கராஜ் கதவைப் பாதி உயர்த்திவிட்டு, உள்ளே கரி அடுப்பை மூட்டித் தேத்தண்ணியும் வைத்திருக்கிறார்கள். நள்ளிரவில் எல்லோருக்கும் தலையிடி. மாமி இரண்டு தரம் சத்தி எடுத்தார். குழந்தை பாலுக்கும் எழும்பவில்லை. விரலில் கவ்வும் ஒட்சிசன் மானியில் எல்லோருக்கும் 98 காட்டியது. விடியக் கரண்ட் வந்து, கதவுகளைத் திறந்து வெளியே நடமாடியபின் தலையிடி போய்விட்டது. "குளிர் தலைக்கு ஏறிப்போச்சு" என்று மாமி சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். படிக்கட்டடி அலாரம் அடிக்கடி "கீச்" என்று கத்தியதால், அதற்கு முந்திய மாதமே அது லாச்சிக்குள் போய்விட்டது.

அன்று ஸ்னோ தள்ளிய கணவரின் விரல்கள் வெளுத்து மரத்துப்போக, மாமி சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்துவிட்டதில் கொப்புளம். மாமாவுக்கு "உடம்பு சூடாகட்டும்" என்று கொஞ்சம் பிரண்டி.

இனி கேள்விகள்: நண்பர் மலிவாகத் தரும் ஜெனரேற்றரை வாங்கலாமா? பிள்ளைகளைக் காரில் கூட்டிப்போகத் தடித்த ஜக்கெற் போதுமா? மாமா ஸ்னோ தள்ளுவதை எப்படி நிறுத்துவது? வின்ரருக்கு அவரை யாழ்ப்பாணத்துக்கே அனுப்பிவிடலாமா?

மருத்துவரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அந்த இரவு உங்கள் வீட்டை நிறைத்தது, கிட்டத்தட்ட நிச்சயமாக, காபன் மொனொக்சைட்டு என்ற நச்சு வாயு. இத்தனை மாதத்துக்குப் பிறகு எந்தப் பரிசோதனையாலும் அதைக் காட்ட முடியாது. நல்ல காற்றைச் சுவாசித்தாலே நாலைந்து மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். ஆனால் நீங்கள் எழுதிய விவரமே போதும். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே நேரத்தில், வயது பார்க்காமல் எல்லோருக்கும் தலையிடி. காய்ச்சல் இல்லை, தடிமன் இல்லை. வெளிக்காற்று பட்டதும் தெளிவு. தடிமன் காய்ச்சல் என்றால் ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்ற இரண்டு மூன்று நாள் எடுக்கும். ஆறு பேரை ஒரே இரவில் பிடிக்காது.

ஒட்சிசன் மானி 98 காட்டியதே என்பீர்கள். அது விரலுக்குள் ஒளியைச் செலுத்தி, இரத்தத்தின் நிறத்தை வைத்துக் கணக்குச் சொல்லும் கருவி. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் பொருள் ஹீமோகுளோபின். காபன் மொனொக்சைட்டு ஏறிய ஹீமோகுளோபினும் அதன் கண்ணுக்கு ஒட்சிசன் ஏறியது போலவே சிவப்பாகத் தெரியும். ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் வாயு அது. உடம்பு மூச்சுக்குத் தவிக்கும்போதும் மானி 98 என்றே சொல்லும். இந்த வாயுவைப் பொறுத்தவரை அந்த மானியை நம்பவே வேண்டாம். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துத் தனியாக அளக்க வேண்டும்.

குழந்தை பாலுக்கு எழும்பாததுதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்திய வரி. சிறு பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுவார்கள். அதனால் அவர்களுக்கு முதலில் ஏறும். "நல்ல நித்திரை" என்று நாங்கள் நினைப்பது மயக்கமாக இருக்கலாம். அடைப்பு வந்த இதயத்துக்கு ஒட்சிசன் குறைந்தால் நெஞ்சுநோவு வரலாம் என்பதால் மாமாவும் அதே வரிசையில்தான். பின்விளைவுகள், அதாவது மறதி, குணமாற்றம், நடையில் தள்ளாட்டம் போன்றவை வந்தால் பெரும்பாலும் சில வாரங்களுக்குள் வந்திருக்கும். எல்லோரும் நலம் என்று எழுதியிருப்பதால் பயப்பட வேண்டாம். ஆனாலும் குடும்ப வைத்தியரிடம் நடந்ததைச் சொல்லிக் கோப்பில் பதிய வையுங்கள்.

கராஜ் கதவு பாதி திறந்துதானே இருந்தது என்பது பலரும் நம்பி ஏமாறுகிற இடம். குளிர்காலத்தில் வீடு ஒரு புகைபோக்கிபோல வேலை செய்கிறது. உள்ளே இருக்கும் இளஞ்சூட்டுக் காற்று மேலெழுந்து மேல்மாடி இடுக்குகளால் வெளியேறும். அந்த இடத்தை நிரப்ப, கீழே இருக்கும் காற்று உள்ளே இழுபடும். கராஜுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள கதவின் அடி இடுக்கு அதற்கு நல்ல வழி. கரி அடுப்பின் வாயு வீதிப் பக்கம் போவதைவிட வீட்டுக்குள் வருவதையே விரும்பும். கரி தணலாகக் கனியும்போது புகையே இராது, காபன் மொனொக்சைட்டு மட்டும் வந்துகொண்டிருக்கும். நிறமும் மணமும் இல்லாததால் ஒருவருக்கும் தெரியாது.

இதில் நீங்கள் தனி ஆள் இல்லை. 1998 ஜனவரியில் கியூபெக்கையும் கிழக்கு ஒன்ராறியோவையும் மூடிய உறைமழையில் சிலருக்கு ஒரு மாதம்வரை மின்சாரம் இல்லாமல் போனது. அப்போது இறந்தவர்களில் இந்த வாயுவால் இறந்தவர்களும் உண்டு. 2013 டிசம்பர் உறைமழையில் ரொறன்ரோவில் மட்டும் ஏறக்குறைய 3 இலட்சம் மின் இணைப்புகள் அறுந்தபோதும் ஒன்ராறியோவில் இதே கதைதான். குளிர் ஆளைக் கொல்ல நேரம் எடுக்கும். அதற்குள் எங்கள் கைவைத்தியம் முந்திக்கொள்கிறது. ஆகவே ஆயத்தத்தில் முதல் இடம் மூச்சுக்கு, அடுத்தது சூட்டுக்கு.

லாச்சிக்குள் இருக்கும் அலாரம்

காபன் மொனொக்சைட்டைக் கண்டுபிடிக்கும் இந்த அலாரம் அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒருதரம் "கீச்" என்று கத்தினால் பற்றரி முடிகிறது, அல்லது அலாரத்தின் ஆயுளே முடிந்துவிட்டது என்று பொருள். பின்பக்கத்தில் காலாவதித் திகதி இருக்கும். பொதுவாக 7 முதல் 10 வருடம். ஆபத்துக்கான சத்தம் வேறு: நான்கு தரம் அடுத்தடுத்து அடித்து, சற்று நின்று, மறுபடி நான்கு. மூன்று மூன்றாக அடித்தால் தீப்புகை. இந்த வித்தியாசத்தை எட்டு வயது மகனுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

அலாரம் அடிக்கவில்லை என்றால் காற்று சுத்தம் என்றும் எடுக்காதீர்கள். பத்து இலட்சத்தில் 70 பங்கு என்ற அளவில் வாயு இருந்தால், ஒன்று முதல் நான்கு மணித்தியாலம் கழித்துத்தான் அது அடிக்கும். 400 பங்கு என்றால் 4 முதல் 15 நிமிடத்தில். குறைந்த அளவு நீண்ட நேரம் இருந்தால் தலையிடி முந்தி வரும், அலாரம் பிந்தி வரும். இரண்டு பேருக்குச் சேர்ந்து தலையிடி வந்தால் எல்லோரும் வெளியே. யன்னலைத் திறந்து வைத்துவிட்டு உள்ளேயே இருந்து பார்ப்போம் என்பது வேண்டாம். வெளியே நின்று 911 அழையுங்கள். தீயணைப்புப் படை அளந்து பார்த்துச் சொன்னபின் உள்ளே போங்கள்.

உரிமை பற்றியும் இரண்டு வார்த்தை. எரிபொருளில் ஓடும் கருவியோ ஒட்டிய கராஜோ உள்ள வீட்டில், படுக்கையறைகளுக்கு அருகே இந்த அலாரம் இருக்க வேண்டும் என்பது 2014 முதல் ஒன்ராறியோவில் சட்டம். வாடகை வீட்டில் அதைப் பொருத்திப் பராமரிப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. கழற்றி வைப்பது வாடகைக்கு இருப்பவர் செய்யும் குற்றம். அதை ஒருவரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்றே வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள், தொலைபேசியில் சொல்லிவிட்டு இருக்காதீர்கள். அவர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பற்றரியில் ஓடும் அலாரம் ஒன்றை வாங்கிப் படுக்கையறைப் பக்கம் வையுங்கள். பேஸ்மென்ற் உட்பட மாடிக்கு ஒன்று இருக்க வேண்டும். ஃபேர்னஸை வருடம் ஒருதரம் உரிமம் பெற்ற தொழில்நுட்பவியலாளரைக் கொண்டு பார்ப்பிப்பதையும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள்.

வீட்டின் பக்கச் சுவரில் இரண்டு வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம். ஃபேர்னஸ் மூச்சு எடுப்பதும் விடுவதும் அவற்றால்தான். காற்று அள்ளிக் குவிக்கும் பனி அவற்றை மூடினால், ஃபேர்னஸ் நின்றுவிடும் அல்லது கழிவு வாயு உள்ளே திரும்பும். ஒவ்வொரு பெரிய பனிக்குப் பிறகும் சுற்றிலும் ஒரு மீற்றரைக் கையால் துப்புரவாக்குங்கள். சவலால் குத்தினால் குழாய் வெடிக்கும்.

ஜெனரேற்றர்

இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஜெனரேற்றரே கூடாது என்பதால் சொல்லவில்லை. அதை ஒழுங்காக வைக்க உங்களுக்கு இடமும் இணைப்பும் இல்லை. வீட்டிலிருந்து குறைந்தது 6 மீற்றர் தள்ளி, புகைக்குழாய் எந்த யன்னலையும் பாராமல், திறந்தவெளியில் ஓட வேண்டும். கராஜுக்குள், கதவு முழுதாகத் திறந்திருந்தாலும், கூடாது. களவு போகும், பனி மூடும் என்று பயந்து ஆட்கள் அதை உள்ளே இழுக்கும் இடத்தில்தான் சாவு நடக்கிறது.

இரண்டாவது பிரச்சினை ஃபேர்னஸ். அதன் எரிபொருள் காஸ். ஆனால் பற்றவைக்கும் கருவிக்கும், கட்டுப்பாட்டுப் பலகைக்கும், சூட்டை அறைகளுக்குத் தள்ளும் விசிறிக்கும் மின்சாரம் வேண்டும். அது நேரே வீட்டு வயரிங்கில் இணைக்கப்பட்டிருக்கும். பிளக் போட்டு ஜெனரேற்றரில் மாட்ட முடியாது. வீதி மின்சாரத்தைத் துண்டித்து ஜெனரேற்றருக்கு மாற்றும் சுவிட்ச் ஒன்றை மின் இணைப்பாளர் பொருத்த வேண்டும், அதற்கு வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். இரண்டு முனையும் ஆண் பிளக் உள்ள வயரால் சுவர் பிளக்கில் கொடுக்கலாம் என்று யாராவது சொல்லித் தந்தால் கேளாதீர்கள். அந்த மின்சாரம் வீதிக் கம்பிக்குத் திரும்பிப் போய், கம்பத்தில் ஏறி நிற்கும் தொழிலாளியைக் கொல்லும்.

வீட்டுக்காரர் சுவிட்சுக்குச் சம்மதித்தால் இந்தக் கேள்வியை மறுபடி எடுக்கலாம். அதுவரை, வீட்டுக்குள் வைக்கக்கூடிய பெரிய பற்றரிப் பெட்டி ஒன்று கைத்தொலைபேசி, விளக்கு, இணைய இணைப்புக்கு ஒரு நாளை ஓட்டும். அறையைச் சூடாக்காது, அந்த நம்பிக்கையில் வாங்க வேண்டாம்.

கரண்ட் நின்றால்

ஒரு அறையைத் தெரிவு செய்யுங்கள். சிறியதாக, யன்னல் குறைந்ததாக, முடிந்தால் தெற்கு வெயில் விழுவதாக. ஆறு பேரும் அங்கேதான். கதவடி இடுக்கில் துவாய், யன்னலுக்குக் கம்பளி; பகலில் வெயில் இருந்தால் கம்பளியை விலக்குங்கள். நிலத்தில் மெத்தை போட்டு, மகனின் கூடாரம் இருந்தால் அதை உள்ளே விரியுங்கள். ஆறு உடம்பின் சூடும் அதற்குள் நிற்கும். மெழுகுதிரி வேண்டாம், பற்றரி விளக்குப் போதும்.

காஸ் அடுப்பை அறை சூடாக்கப் பாவிக்காதீர்கள். சமைக்க, தண்ணீர் கொதிக்க வைக்க, ஒரு யன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம், ஒரு அடுப்பு, முடிந்ததும் அணைத்துவிடுங்கள். அதைவிடப் புத்தி, எச்சரிக்கை வந்தவுடனேயே எல்லாத் தேமோஸ் குடுவைகளையும் சுடுதண்ணீரால் நிரப்பி வைப்பது. சுடுதண்ணீர்ப் பை வைப்பதானால் துணி சுற்றி வையுங்கள். மாமாவின் கால்களில் நீரிழிவால் உணர்வு குறைந்திருக்கலாம். சுட்டது அவருக்குத் தெரியாது, காலையில் கொப்புளம்தான் சொல்லும்.

தண்ணீர்க் கணக்கு: குடிக்க ஆளுக்கு நாளுக்கு 2 லீற்றர், சமைக்கக் கழுவ இன்னொரு 2. ஆறு பேருக்கு மூன்று நாளைக்கு 72 லீற்றர். 20 லீற்றர்க் கலன் நான்கு வாங்கினால் சரி. சாப்பாட்டுக்குக் கடைப்பட்டியல் தேவையில்லை. எங்கள் குசினியில் அடுப்பே வேண்டாத சாமான் எப்போதும் உண்டு: அவல், சர்க்கரை, தேங்காய்ப்பூ, மாப்பால், பிஸ்கற், ரின் மீன். கையால் திறக்கும் ரின் வெட்டியை மட்டும் மறந்துவிடாதீர்கள். பிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் 4 மணித்தியாலம் தாங்கும். நிரம்பிய ஃபிரீசர் 48.

இன்சுலின் தனிக் கவனம். கரண்ட் இல்லை என்று அதை யன்னல் விளிம்பிலோ, வெளியே பனியிலோ, காரிலோ வைப்பவர்கள் உண்டு. ஒருதரம் உறைந்த இன்சுலின் கரைந்தபின் பார்வைக்குப் பழையபடி இருக்கலாம், ஆனால் வேலை செய்யாது, எறிந்துவிட வேண்டும். பாவனையில் உள்ள பேனாவை மாமாவின் உட்சட்டைப் பையில் வையுங்கள். சீனி பார்க்கும் மானியும் குளிரில் பிழை காட்டும். அதையும் உடம்போடு வைத்திருந்து பாருங்கள்.

அறைக்குள் ஒரு வெப்பமானி தொங்க வேண்டும். வீட்டுக்குள் 18 பாகை செல்சியஸுக்குக் குறையக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உங்கள் வீட்டுக்கு நான் வைக்கும் கோடு 16. அது 16-ஐத் தொட்டு, கரண்ட் எப்போது வரும் என்று தெரியாமல் இருந்தால், வீதி திறந்திருக்கும்போது, வெளிச்சத்தோடு வெளிக்கிடுங்கள். எங்கே போவது என்பதை இன்றே முடிவு செய்யுங்கள்: வேறு பகுதியில் இருக்கும் ஒரு குடும்பம், இல்லையென்றால் நகரசபை திறக்கும் சூடான மண்டபம். 211-ஐ அழைத்தால் இடம் சொல்வார்கள். போகமுன் தண்ணீர்ப் பிரதான வால்வைப் பூட்டி, குழாய்களைத் திறந்து வடியவிட்டுப் போங்கள். ஜனவரி மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். ஒரில்லியா, பீற்றர்பரோ பக்கம் பல நாள் இருட்டாக்கிய உறைமழை விழுந்தது 2025 மார்ச் கடைசியில்.

வயதானவர் வீட்டுக்குள் இருந்தபடியே உடல் குளிர்ந்துபோகலாம். நடுக்கம் நின்றுவிட்டது என்றால் நல்லாகிவிட்டது என்று எடுக்காதீர்கள். உடல் தோற்கத் தொடங்கும்போதுதான் நடுக்கம் நிற்கும். பேச்சுக் குழறுவது, பொத்தான் போட முடியாமல் விரல் தடுமாறுவது, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை உடல் 35 பாகைக்குக் கீழே போகிறது என்பதன் அடையாளம், 911. குழந்தைக்கு நடுக்கம் அவ்வளவாக வராது. தோல் சிவந்து குளிர்ந்து, துவண்டுபோய் இருந்தால் அதே 911.

பிரண்டி பற்றி: அது தோலின் இரத்தக் குழாய்களை விரிக்கிறது. சூடு தோலுக்கு வருவதால் சுகமாக இருக்கும். அதே சூடுதான் அங்கிருந்து வெளியே போகிறது. இரவில் இன்சுலின் போடுபவருக்குச் சீனி இறங்கும் ஆபத்தும் சேரும். இனி வேண்டாம். சூடான மாப்பால் போதும்.

விரல் வெளுத்தால்

மாமி செய்ததில் இரண்டு பிழை. உறைந்த தசைக்குள் பனித்துகள்கள் இருக்கும். தேய்த்தால் அவை உள்ளேயே அறுக்கும். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது. ஆகவே தண்ணீர் எவ்வளவு சுடுகிறது என்று உங்கள் கணவரைக் கேட்டுப் பயனில்லை. தண்ணீர் 37 முதல் 39 பாகை இருக்க வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்ட முழங்கையால் பார்ப்பீர்களே, அந்தச் சூடு. மோதிரத்தைக் கழற்றி, விரலைப் பாத்திரத்தின் அடியில் முட்டாமல் அமிழ்த்தி, ஆற ஆறச் சூடு சேர்த்து, சிவந்து மென்மையாகும்வரை அரை மணித்தியாலமளவு வைத்திருங்கள். உணர்வு திரும்பும்போது நன்றாக நோகும். அது நல்ல அடையாளம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திரும்பவும் உறையக்கூடிய இடத்தில், உதாரணமாக வீதியில் மாட்டிக்கொண்ட காரில், கரைக்கத் தொடங்காதீர்கள். கரைந்து மறுபடி உறைந்தால் இழப்பு இரட்டிப்பு.

வானிலை அறிக்கையில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் வரும் காற்றுக் குளிர் எண்ணைப் பாருங்கள். -20 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று வீசினால் தோலுக்கு அது -33. -28 முதல் -39 வரை வெறும் தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். -40 முதல் -47 வரை 5 முதல் 10 நிமிடம். விரல் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் சேர்ந்திருக்கும் உறை சூடு. உள்ளே பருத்தி வேண்டாம். வியர்வையைக் குடித்து ஈரமாகவே நிற்கும். கம்பளி அல்லது பொலியெஸ்ரர் உள்ளாடை, நடுவில் ஃபிளீஸ், மேலே காற்றுப் புகாத ஜக்கெற். இரண்டு சோடி காலுறை போட்டுச் சப்பாத்து இறுகினால் இரத்தம் ஓடாது, விரல் முந்தி உறையும்.

காரும் பிள்ளைகளும்

தடித்த ஜக்கெற்றோடு குழந்தை ஆசனத்தில் இருத்திப் பட்டியை இறுக்கினால் இறுக்கமாகத்தான் தெரியும். மோதலில் அந்தப் பஞ்சு ஒரு கணத்தில் தட்டையாகும். பட்டி தளர்ந்து பிள்ளை நழுவும். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்: ஜக்கெற்றோடு இருத்திப் பட்டியைச் சரிசெய்யுங்கள். பட்டியின் நீளத்தை மாற்றாமல் கழற்றி, ஜக்கெற் இல்லாமல் மறுபடி மாட்டுங்கள். எவ்வளவு இடைவெளி என்று கண்ணால் காண்பீர்கள். மெல்லிய உடுப்போடு பட்டி போட்டு, மேலே கம்பளி போர்த்துவதே முறை. மகனும் ஜக்கெற்றைத் திறந்துவிட்டுப் பட்டியை உடம்போடு ஒட்டிப் போட வேண்டும்.

அப்பா ஸ்னோ தள்ளும்வரை பிள்ளைகள் சூடான காருக்குள் இருக்கட்டும் என்று ஒருபோதும் விடாதீர்கள். புகைக்குழாய் பனிக்குள் புதைந்திருந்தால் சில நிமிடத்தில் கார் நிறைந்துவிடும். முதலில் புகைக்குழாய், பிறகு என்ஜின், பிறகு பிள்ளைகள்.

ரொறன்ரோவுக்கு வரும் 69-400 நெடுஞ்சாலை ஏறக்குறைய 400 கிலோமீற்றர். பரி சவுண்ட் பக்கம் ஜோர்ஜியன் விரிகுடாவிலிருந்து வரும் பனிச்சூறை நிமிடத்தில் கண்ணை மறைக்கும். வீதி நிலை சொல்லும் 511-ஐப் பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள். பெற்றோல் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள். வின்ரர் ரயர் ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் 7 பாகைக்குக் கீழே சாதாரண ரயர் ரப்பர் விறைத்துவிடும். சட்பரிக்கு அது இல்லாமல் சரிவராது. மாட்டிக்கொண்டால் காரைவிட்டு நடக்காதீர்கள். மணிக்கு 10 நிமிடம் என்ஜின், ஒவ்வொரு தரமும் புகைக்குழாயைப் பார்த்து, காற்றடிக்காத பக்க யன்னலைச் சற்றே திறந்து.

மாமா

ஸ்னோ தள்ளுவதில் சமரசம் இல்லை, அவர் செய்யக்கூடாது. குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கும், அழுத்தம் ஏறும். மூச்சைப் பிடித்துக் கையால் தூக்கும் வேலை அதன்மேல் இன்னும் ஏற்றும். பிசோபிரோலோல் இதயத் துடிப்பைக் கட்டி வைத்திருப்பதால், களைக்கிறது என்ற எச்சரிக்கையும் பிந்தித்தான் வரும். 2017-இல் கனேடிய மருத்துவச் சங்க இதழில் வந்த கியூபெக் ஆய்வில், பெரும் பனிப்பொழிவுக்கு அடுத்த நாள் ஆண்களுக்கு மாரடைப்புக் கூடியது தெரிந்தது. வீதி துப்புரவாக்கும் வண்டி வாசலில் தள்ளிவிட்டுப் போகும் பனி வரம்புதான் மிகப் பாரம். அதைத் தள்ளப் பருவ ஒப்பந்தத்தில் ஒருவரைப் பிடியுங்கள். உங்கள் கணவரும் தள்ளட்டும், தூக்காமல். உப்பு -10 பாகைக்குக் கீழே அவ்வளவாக வேலை செய்யாது, மணல் தூவுங்கள். மாமா வெளியே நடக்கலாம், சப்பாத்தில் முள்ளுப் பட்டி மாட்டிக்கொண்டு. உள்ளே வரும்போது அதைக் கழற்ற வேண்டும், ரைல் தரையில் அது பனியைவிட வழுக்கும். அஸ்பிரின் எடுப்பவர் விழுந்து தலை அடிபட்டால், காயம் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரி.

யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவது: நிரந்தர வதிவிடமும், ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் அட்டையும் உள்ளவர் என்றால் நான்கு மாதம் போய்வர இடமுண்டு, எந்த 12 மாதத்திலும் 153 நாள் ஒன்ராறியோவில் இருந்தால் அட்டை நிற்கும். ஆனால் ஊர் பாதுகாப்பு என்ற எண்ணத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. மார்கழி, தை யாழ்ப்பாணத்தில் மழைக்குப் பின் டெங்கு கூடும் காலம். அஸ்பிரின் எடுக்கும் ஸ்டென்ட்காரருக்கு டெங்கு வந்தால் இரத்தக் கசிவுக்கும் ஸ்டென்ட் அடைப்புக்கும் இடையில் வைத்தியர்கள் திண்டாடுவார்கள். போவதானால் மாசி பிறந்தபின், இதய வைத்தியரைக் கேட்டுப் போகட்டும். இன்சுலின் கைப்பையில், விமானத்தின் அடிச்சரக்கில் உறையலாம்.

எல்லாவற்றுக்கும் மேல் அவரைக் கேளுங்கள். கேளாமலே சவலைத் தூக்கும் மனிதர், இந்த வீட்டில் தனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று காட்டுகிறார். "நீங்கள் சும்மா இருங்கோ மாமா" என்றால் நீங்கள் வேலைக்குப் போனபின் தள்ளுவார். வேறு பொறுப்பைக் கையில் கொடுங்கள்: வெப்பமானி பார்ப்பது, எச்சரிக்கை கேட்டுத் தேமோஸ் நிரப்பச் சொல்வது, மாதம் ஒருதரம் எல்லா அலாரத்தையும் சோதிப்பது. புது அலாரம் வந்ததும் முதல் சோதனையை இரவில் செய்யுங்கள். நீங்கள் எல்லோரும் படுக்கையறைக் கதவுகளைச் சாத்திக்கொண்டு கிடக்க, மாமா பேஸ்மென்றில் நின்று பொத்தானை அழுத்தட்டும். நான்கு தரம் அடிக்கும் அந்தச் சத்தம் மேலே கேட்கவில்லை என்றால், அலாரத்தை எங்கே மாற்றுவது என்று அவரே சொல்வார்.